கீழ்வீட்டின் வரைபடம்

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் நானும் அண்ணாவும் இரண்டரை வருஷம் இருந்தோம். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. ரயில் போகும்போதெல்லாம் தட்டிலிருக்கும் கோப்பைகள் கிலுகிலுக்கும். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்தேன். அண்ணா வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தார்.

யுத்த காலம் அது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் மாதத்திலேயே காலி வீதியில் பொலிஸ் மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, மூன்று நாள் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். அடிக்கவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் வெளியே இறங்குவது குறைந்துபோனது. பேப்பர் வாங்கவும் சவர பிளேட் வாங்கவும்கூட நான்தான் போவேன். காலையில் நான் வேலைக்குப் போகும்போது கட்டிலில் எப்படி இருந்தாரோ, பின்னேரம் வரும்போதும் அப்படியே இருப்பார். "சாப்பிட்டியளோ?" என்று கேட்டால், "ஓம்" என்பார். சட்டியைத் திறந்தால் வைத்த சோறு அப்படியே இருக்கும்.

ஒழுங்கை முகப்பில் டீவி திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்த கேம் மெஷினைத் தந்தார். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு, எடுக்க வராமலே வெளிநாடு போய்விட்டார்களாம்.

"சும்மா கெடக்குது தங்கச்சி. நானாட ஆளுக்குக் குடுங்க, பொழுது போகும்" என்றார். தன்னுடைய ஆள் என்ற உரிமையில் எங்கள் அண்ணாவை அவர் அப்படித்தான் சொல்வார், "நானாட ஆள்" என்று. கூடவே செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டியும் தந்தார். "இது ஜப்பான் சாமான். நம்மட கரண்ட் இதுக்குக் கூட, பெட்டிதான் அதைக் கொறைச்சுக் குடுக்கும். இந்தப் பெட்டி இல்லாம நேரா குத்தினீங்கண்டா புகைதான் வரும்."

அதோடு வந்த சீடிகளில் மூன்று கார் ஓட்டம். ஒன்று மட்டும் பயங்கர விளையாட்டு. ஒரு மனிதன், எப்போதோ ஒரு ஹோட்டலில் விட்டுப்போன சூட்கேஸை எடுக்கத் திரும்பி வருகிறான். ஹோட்டலில் ஆளில்லை. லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடியை அழுத்தினால் அது கீழே போகிறது. நிலமட்டத்தையும் தாண்டிப் போய் நிற்கிறது. கதவு திறந்தால் அதே ஹோட்டல். அதே சிவப்புக் கம்பளம், அதே பூப்போட்ட சுவர்த்தாள், அதே வரவேற்பு மேசை. ஆனால் படங்களெல்லாம் சுவரைப் பார்த்தபடி திருப்பிக் கொழுவப்பட்டிருக்கும். எங்கோ ஒரு டெலிபோன் அடிக்கும். அந்த அறைக்குப் போனால் அடுத்த அறையில் அடிக்கும். கம்பளத்தில் ஈரக் காலடிகள் விழும், நடக்கிறவனுக்குப் பின்னால் அல்ல, முன்னால். விளையாட்டில் அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. நாங்கள் அதைக் கீழ்வீடு என்றோம்.

கீழ்வீட்டில் சிலர் நிற்பார்கள். மிக உயரமானவர்கள். சுவரோடு முகம் வைத்து, கை இரண்டையும் தொங்கவிட்டு, அசையாமல். அண்ணா அவர்களை "நிக்கிறவை" என்பார். டோர்ச் வெளிச்சம் படாமல் பக்கத்தால் போனால் ஒன்றும் செய்யமாட்டார்கள். பட்டால் திரும்புவார்கள். திரும்பினால் என்ன நடக்கும் என்று நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் தலையணையை முகத்தில் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வேலையால் வந்தபோது அண்ணா எனக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா ஒரே இடத்தில சுத்துறன். நீ பிளான் கீறுற ஆள்தானே, இதைக் கீறித் தாவன்."

அவராக என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவோ காலம். அலுவலகத்தில் கழித்துவிட்ட ட்ரேசிங் தாள்களை மறுநாளே சுருட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் கீழ்வீட்டின் வரைபடம் தொடங்கியது. அவர் நடப்பார், நான் விரலிடுக்கால் பார்த்துக் கீறுவேன். கதவுக்கு இத்தனை அடி, கொரிடோருக்கு இத்தனை அடி என்று கணித்து, அளவுத்திட்டம் ஒன்றுக்கு நூறு. எனக்கு வேறு விதமாகக் கீறத் தெரியாது. ஆனால் அந்த வீடு கணக்குக்கு அடங்கவில்லை. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து வெளிக்கிட்டு, ஒரே நீளமான கொரிடோரில் நாலு தரம் வலப்பக்கம் திரும்பினால் திரும்பவும் மண்டபத்துக்கே வரவேண்டும். சதுரம் என்றால் அதுதான். கீழ்வீட்டில் வராது. மண்டபம் இருக்கவேண்டிய இடத்தில் வேறொரு கொரிடோர் இருக்கும். தாளில் அறைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மேலே வருவதைச் சிவப்பாலும் கீழே வருவதை நீலத்தாலும் கீறினேன். அந்த உயரமானவர்களைவிட, முடியாமல் போன அந்தச் சதுரம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போதும் அதையே மனதுக்குள் கீறிக்கொண்டு போவேன்.

அண்ணாவோ மாறிக்கொண்டு வந்தார். சாப்பிட்டார். "பார் பார், அங்க ஒருத்தர் நிக்கிறார், எழுதிக்கொள்" என்று சத்தமாகக் கதைத்தார். வெளியில் எதற்கெல்லாம் பயந்தாரோ தெரியாது, அந்த வீட்டுக்குள் அவருக்குப் பயமே இருக்கவில்லை. ஒருமுறை கொன்ட்ரோலரை என் கையில் தந்துவிட்டுத் தண்ணி குடிக்க எழும்பினார். டெலிபோன் அடித்தது. அதை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னாலேயே குசினிக்குள் ஓடினேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒழுங்கை முழுக்கச் செக்கிங். எங்களிடம் நாலு பொலிஸ்காரரும் ஒரு பெண் கான்ஸ்டபிளும் வந்தார்கள். அடையாள அட்டைகளைக் கொடுத்தோம். கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கொடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது. போகப் போனார்கள். அப்போது ஒருவர் அலுமாரிக்கு மேலிருந்த சுருளை எடுத்து விரித்தார்.

ஹோட்டல் – கீழ்த்தளம் என்று மேலே எழுதியிருந்தது. என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்து, சிங்களத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார்.

"இங்கே இரண்டு பேர் நிற்பார்கள். லைட் அடிக்கக் கூடாது."

"சூட்கேஸ் இந்த அறையில்."

"ஃபியூஸ் இங்கே வைக்க வேண்டும்."

"லிஃப்ட். இதால் தப்பலாம்."

கீழ்வீட்டின் லிஃப்ட் ஓடுவதற்கு ஒரு ஃபியூஸ் தேவை. கரண்ட் ஃபியூஸ். அதைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் அவர் வாசிக்க வாசிக்க, அது என் காதிலேயே வேறொன்றாகக் கேட்டது. கொழும்பில் எந்த ஹோட்டலில் எப்போது குண்டு வெடிக்கும் என்று எல்லோரும் பயந்திருந்த காலம்.

"அது கேம், சேர். கேம்" என்றார் அண்ணா. அவருடைய கைகளைப் பின்னால் பிடித்துவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் எங்களைப் பிரித்தார்கள். அண்ணாவை ஒரு உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். பாதி சாத்திய கதவுக்குக் கீழால் அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைந்தால் எனக்கு மூச்சு வந்தது.

பெரிய அதிகாரி ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதட்டவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் பாரம் வைத்துவிட்டு, சிங்களத்தில் ஆறுதலாகக் கேட்டார்.

"எந்த ஹோட்டல்?"

"இல்லாத ஹோட்டல், சேர்."

"இல்லாத ஹோட்டலுக்கு யார் நங்கி அளவெடுத்துப் பிளான் கீறுவது?"

நியாயமான கேள்வி அது. நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் கண் தாளிலேயே இருந்தது.

விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். சூட்கேஸைத் தேடி வந்த மனிதன், கீழே போகும் லிஃப்ட், சுவரைப் பார்த்து நிற்கிறவர்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, அது பொய் என்று எனக்கே தோன்றியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்த மண்டபமும் இந்தக் கொரிடோரும் ஒரே இடத்தில் விழுகிறது. இப்படி ஒரு கட்டடம் இருக்க ஏலாது. நீர் படவரைஞர், பிழையாகக் கீறமாட்டீர். அப்படியென்றால் இதில் எதையோ மறைத்திருக்கிறீர்."

"இல்லை சேர், அந்த இடமே அப்படித்தான். என்னை நம்ப வேண்டாம். மெஷினைக் கொண்டுவந்து பாருங்கள். நான் காட்டுகிறேன்."

அவர் என்னை முதல்தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு ஜீப்பை அனுப்பினார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்தப் பெண் கான்ஸ்டபிள். என்னைவிட வயது குறைந்தவள். பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து தந்தாள். குடிக்க முடியவில்லை. சாட்சியே இல்லாமல் மாதக்கணக்காக உள்ளே இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கோ சாட்சி இருந்தது. என் கையாலே கீறி, என் கையாலே எழுதிய சாட்சி.

மெஷினைத் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்கள். பொலிஸ்காரர் சாப்பிடும் அறையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்த டீவியை, அவர்களின் முணுமுணுப்போடு, தூக்கி வந்தார்கள். ஒருவர் வயரைக் கையிலெடுத்து பிளக்கை நோக்கிப் போனார். அப்போதுதான் பார்த்தேன். இரும்புப் பெட்டி இல்லை.

"எபா!" என்று கத்தினேன். வேண்டாம் என்று அவர்களுடைய மொழியில். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாக நான் கத்தியதில்லை. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரோ என் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். குத்தினால் மெஷின் எரிந்துவிடும், வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது, அது இல்லாமல் ஏலாது என்று அழுகையோடு சொன்னேன். வயரை வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். அவர் முகத்தில் நான் கண்டது பயம். என்னிடம் பயம்.

அதிகாரி திரும்பவும் ஜீப்பை அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு சத்தம் கேட்டது. கையில் ஷொப்பிங் பையோடு நானா நின்றார். வேர்த்து, சேர்ட் உடம்போடு ஒட்டியிருந்தது. தலையணை உறையிலிருந்து வயர் தொங்கத் தொங்க மெஷினைப் பொலிஸ் கொண்டுபோவதைக் கடையிலிருந்து பார்த்திருக்கிறார். பெட்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கண்டதும், வீட்டுக்காரரிடம் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்து, அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். குண்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட இரண்டு தமிழருக்காக, கூப்பிடாமலே ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து வந்த மனிதன் அவர். அந்த நேரத்தில் அதைச் செய்யக்கூடியவர்கள் அதிகம் இல்லை.

"பயப்புடாதீங்க தங்கச்சி, நான் ஈக்கேன்தானே" என்றார் என்னிடம். பிறகு நல்ல சிங்களத்தில், மெஷினைக் கொடுத்தது தான்தான் என்றும், தன் கடை எங்கே இருக்கிறது என்றும் அதிகாரியிடம் சொன்னார். அவரே குனிந்து வயரைப் பூட்டினார்.

"அண்ணா விளையாடிக் காட்டட்டும், சேர். எனக்குத் தெரியாது" என்றேன்.

"தமயன் அங்கேயே இருக்கட்டும். கீறினது நீர்தானே. நீர் காட்டும்."

மரக்கதிரையில் என்னை இருத்தினார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதிகாரி பக்கத்தில் கதிரையைப் போட்டு, வரைபடத்தை மடியில் விரித்தார். திரையில் சிவப்புக் கம்பளம் வந்தது. கீழ்வீட்டு வரவேற்பு மேசை. அண்ணா கடைசியாக நிறுத்திய இடம். கொன்ட்ரோலர் என் கையில் வழுக்கியது. அழுத்தினேன். திரையிலிருந்த மனிதன் போய்ச் சுவரில் முட்டினான். திரும்பவும் முட்டினான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உள்ளறையிலிருந்து அண்ணாவின் குரல் வந்தது.

"ஓடாத! மெல்ல நட. அம்புக்குறியை மெல்ல அமத்து!"

அங்கே யாரோ அவரை அதட்டினார்கள். அதிகாரி கையை உயர்த்தினார். அதட்டல் நின்றது.

"இப்ப டெலிபோன் கேக்குது. அப்ப நீ மண்டப வாசல்ல நிக்கிறாய். வலப்பக்கம் திரும்பு" என்றார் அண்ணா.

அவருக்குத் திரை தெரியாது. சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து எனக்கு வழி சொன்னார். கம்பளத்தில் நடக்கும் சத்தம் மாறினால் அவருக்கு எந்தக் கொரிடோர் என்று தெரிந்தது. நான் நடந்தேன். முதல்தரமாக, தலையணை இல்லாமல், விரலிடுக்கு இல்லாமல் அந்த இடத்தைப் பார்த்தேன்.

அதிகாரியின் விரல் தாளில் என்னோடேயே வந்தது. ஒவ்வொரு கதவையும் அவர் தாளில் தொட்டார். வலப்பக்கம். வலப்பக்கம். வலப்பக்கம். நாலாவது திருப்பத்துக்கு முன்னால் அவர் சொன்னார்:

"இப்போது மண்டபம் வர வேண்டும்."

"வராது, சேர்" என்றேன்.

திரும்பினேன். மண்டபம் இல்லை. நீளமான, இருண்ட வேறொரு கொரிடோர். அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எழும்பியே விட்டார். பின்னால் நின்றவர்கள் கிட்டவந்து என் கதிரையில் கை வைத்தார்கள்.

"லைட்டை நூத்துப் போடு!" என்று கத்தினார் அண்ணா. "அதில ரெண்டு பேர் நிக்கினம்!"

டோர்ச்சை அணைத்தேன். இருட்டில் இரண்டு உயரமான உருவங்கள், சுவரோடு முகம் வைத்தபடி. நான் எழுதியிருந்த அதே இடத்தில். அதிகாரி தாளிலிருந்த வரியை விரலால் தொட்டு, தமிழ் தெரிந்தவரிடம் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். இங்கே இரண்டு பேர் நிற்பார்கள்.

"லைட் அடித்தால்?" என்று கேட்டார்.

"தெரியாது, சேர். நான் பார்த்ததில்லை."

"அடியும். பார்ப்போம்."

அடித்தேன். கிட்ட நின்றவர் திரும்பினார். அவருக்கு முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சுவர்த்தாளின் பூக்கள்.

"புது அம்மோ!" என்று, எங்களுடைய ஐயோ அம்மா மாதிரி, சிங்களத்தில் அலறினாள் பெண் கான்ஸ்டபிள். அவள் கையிலிருந்த தேநீர் முன்னால் நின்றவரின் முதுகில் போனது. அவர் துள்ளி நானாவின் மேல் விழுந்தார். திரை கறுத்துப்போனது. விளையாட்டு மனிதன் செத்துவிட்டான்.

பிறகு யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். தேநீர் பட்டவர் சிரித்தார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவருடைய தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். எங்கே அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன நடந்தது? செத்துட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அண்ணா.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்தோம். வரைபடத்தை அவர்கள் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். அண்ணாவைக் கூட்டிவந்தபோது அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கண் தெரியாமல் வழி சொல்கிறீர்" என்றார். பிறகு என்னிடம்: "இனிமேல் இப்படி ஏதாவது கீறினால், மேலே சிங்களத்திலும் எழுதிவிடும், இது விளையாட்டு என்று."

வெளியே வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வெயில் கண்ணைக் குத்தியது. காலி வீதியில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. புடவைக்கடை வாசலில் ஆட்கள், பஸ் நடத்துனரின் கூவல், யாரோ அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தான். நெஞ்சிலிருந்து ஏதோ பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி, நடக்கும்போது உடம்பு மேலே மேலே எழும்பியது. ஓட்டோ பிடிக்கலாம் என்றார் நானா.

"வேண்டாம், நடப்பம்" என்றார் அண்ணா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். பட்டப்பகலில், காலி வீதிப் பேவ்மெண்டின் நடுவில், மெஷினைத் தலையணை உறையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வழியில் சென்ட்ரிக் காவலரணில் மறித்தார்கள். அடையாள அட்டையை நீட்டினார். உறைக்குள் என்ன என்று கேட்டார்கள். "கேம்" என்று சொல்லித் திறந்து காட்டினார். போ என்றார்கள். போனார்.

சாப்பாட்டுக் கடையொன்றுக்குள் நானா எங்களைக் கூட்டிப்போனார். அண்ணா இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார். பருப்பைப் பிசைந்துகொண்டே, "நீ மூண்டாவது வளைவில பிந்தித் திரும்பினனீ. எனக்குச் சத்தத்தில விளங்கினது" என்று குறை சொன்னார்.

"அடுத்த முறை நீங்கள் விளையாடுங்கோ, நான் உள்ளுக்க இருக்கிறன்" என்றேன். நானாவுக்குத் தண்ணி புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா குளித்துவிட்டுப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்தது. மாதக்கணக்காக, சின்னச் சத்தத்துக்கும் எழும்பி உட்காருகிற மனிதர். அன்று ரயில்கள் போயின, கோப்பைகள் கிலுகிலுத்தன, பக்கத்து வீட்டில் கதவை அடித்துச் சாத்தினார்கள். அவர் அசையவில்லை. நான் கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் இருந்துகொண்டேன். கடற்காற்று வந்தது. பொழுதுபட எழும்பி, குசினிக்குப் போய், இரண்டு பேருக்குப் புட்டுக்கு மா குழைத்தேன்.